ஊரைப் பாடமாக்கிய பல்கலைக் கழகம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே, அது பட்டணத்துப் பண்டிதர்களுக்கு உரியது என்று நாம் ஒதுங்கிவிடுகின்றோம். ஆனால், சென்னைப் பல்கலைக் கழகத்தில் அக்கல்வி வேரூன்றிய வரலாறு, வயலும் வரப்பும் உள்ள சிற்றூர்களோடு பிணைந்தது.

1915-ஆம் ஆண்டில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கில அறிஞர் அங்குப் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் அவர், தொழிலாளர் கல்விக்கென ஆக்ஸ்போர்டு நகரில் ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். அவர் தம் மாணவர்களை நூலறிவோடு நிறுத்தாமல், கிராமங்களை நேரில் ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம் யார் கையில் உள்ளது? கூலி எவ்வளவு? கடன் எதற்காக வாங்கப்பட்டது? இவற்றையெல்லாம் அவர்கள் கேட்டு எழுதினர். அவ்வறிக்கைகள் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய ஆங்கில நூலாக 1918-இல் வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டும், நெல்லைச் சீமைக் கங்கைகொண்டானும், காஞ்சிக்கு அருகிலுள்ள தூசியும் அதில் இடம்பெற்ற ஊர்கள்.

அம்முயற்சி அத்தோடு நின்றுவிடவில்லை. கேரளத்தில் பிறந்து சென்னையில் பேராசிரியராக விளங்கிய பி. ஜே. தாமஸ் அவர்களும் கே. சி. ராமகிருஷ்ணன் அவர்களும் 1930-களில் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து, 1940-இல் நூலாக்கினர். பின்னும் அறிஞர்கள் சென்றனர். இருவேல்பட்டில் 2008-ஆம் ஆண்டிலும் ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் ஓர் ஊர் எவ்வாறு மாறியது, உழைப்போர் நிலக்கிழாரை அண்டி நின்ற நிலை எவ்வாறு தளர்ந்தது என்பதை அந்த ஆய்வுகளை ஒப்பிட்டு இன்று அறிய முடிகிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்நாளில் கல்லூரி வாயிலை மிதித்தவர் பெரும்பாலும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே. கூலிக்காரரின் வறுமையைக்கூட வேறொருவரே எழுத வேண்டியிருந்தது. இன்று நம் காலனிப் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஆயினும், நம் வாழ்க்கைக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. ரயில் நிலையக் கணக்கில் எத்தனை பேர் பயணம் செய்தனர் என்பது இருக்கும். அவர்கள் ஏன் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டனர் என்பது இராது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

கோபாலபுரத்து மாணவர்களே! விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் செல்லுங்கள். தென்னந்தோப்பில் ஆண்டிற்கு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது? பொள்ளாச்சிக்கு வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? பாலக்காட்டுப் பக்கம் செல்வோர் எத்தனை பேர்? ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வேற்றுமை என்ன? வட்டி எவ்வளவு? தமிழ் வழிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அனைத்தையும் கேளுங்கள். கடன்பட்டவர் பெயரை மட்டும் எழுத வேண்டாம், தொகை போதும். ஒருவருடைய மானத்தைக் காப்பதும் கல்வியின் கடமையே.

"எழுதினால் அடுப்பு எரியுமா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பஞ்சாயத்துக்குச் செல்லும் மனுவில், "எங்களுக்கு மிகவும் கஷ்டம்" என்று எழுதினால், படித்தவர் இரக்கப்பட்டு மடித்து வைத்துவிடுவார். இத்தனை வீடு, இத்தனை நாள் வேலையின்மை, இவ்வளவு கடன் என்று எழுதினால், அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஏட்டை நம் சங்கத்தில் வைப்போம். பத்தாண்டு கழித்து நம் பிள்ளைகளின் தம்பி தங்கையர் மறுபடியும் கணக்கெடுக்கட்டும். நாம் உயர்ந்தோமா, தாழ்ந்தோமா என்பதைப் பிறர் சொல்லக் கேளாமல் நாமே அறிந்துகொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!