பாவு நனைந்துவிடும்



காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்பார்கள். இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. உபநிடதத்தில் வரும் ஒரு சொல்லுக்குக் குரு சொன்ன பொருளைத் தாங்காமல் சீடர் கண்ணீர் விட்டார், தாமே வேறு பொருள் சொன்னார். குருவுக்குக் கோபம் வந்தது. அந்த விடை எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் உளவியலாளர்களை நினைக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

"மழை வந்தால் என்ன செய்வாய்?" என்று ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். "குடை பிடிப்பேன்" என்பது எதிர்பார்க்கும் விடை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை சொல்கிறது: "பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோவோம்." பாவு என்பது தறிக்கு ஏற்றும் நீள நூல்; விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டுப் பாவு நனைந்தால் என்ன நஷ்டம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த விடைக்குச் சுழியம் போடலாமா? கூடவே, அது வீட்டில் தெலுங்கு பேசும் பத்மசாலியர் பிள்ளையாகவும் இருக்கலாம். தமிழில் கேட்டதும் சற்றுத் தயங்கும். தயக்கத்தை மந்தம் என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்!

1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினேயும் சிமோனும் உருவாக்கிய அறிவுத்திறன் சோதனை பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கானது. அதைத் தார்வாரில் வி. வி. காமத், மராத்தி, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தி 1934-இல் வெளியிட்டார். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, நம் பிள்ளைகளிடமே வைத்துப் பார்த்துத் தரப்படுத்த வேண்டும் என்பதை அவர் அன்றே செய்து காட்டினார்.

இன்று உளவியலாளர்களின் வேலை இன்னும் கூடியிருக்கிறது. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளைப் பள்ளிகளில் ஒடியா பாடநூல் வைத்தே பாடம் நடத்தியதுண்டு. அப்படி ஒரு குழந்தை வகுப்பில் வாய் திறக்காவிட்டால், முதலில் ஒடியா தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டும். சோதனைத்தாளைப் பிறகு எடுக்கலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பார்க்கப் பள்ளி உளவியல் ஆலோசகர் அழைத்தால் கூச்சப்படாதீர்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், தறியில் பிள்ளை உதவிக்கு உட்காருகிறதா, இரவு எப்போது தூங்குகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.