மலைப்பேரரசும் கடற்கரை மொழியும்



நடவாத ஒன்றை நடந்ததாகக் கொண்டு புனையும் வரலாற்றை மாற்று வரலாறு என்பர். 'இவ்வாறு நிகழ்ந்திருந்தால்?' என்னும் வினாவே அதன் வித்து. அவ்வினா எந்த இடத்தில் நின்று எழுப்பப்படுகிறது என்பதைப் பொறுத்தே புனைவின் தகுதி அமையும். எத்தியோப்பிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1896ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அத்வா மலைப்பகுதியில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியப் படையை முறியடித்தது. ஆயினும் மெனெலிக் செங்கடல் துறைமுகமாகிய மசாவாவை நோக்கிச் செல்லாமல் படையைத் திருப்பினார். சில ஆண்டுகளுக்கு முன்னர் வெக்கை நோய் கால்நடைகளை அழித்திருந்தது. பெரும்பஞ்சம் நாட்டை நலியச் செய்திருந்தது. படைக்கும் உணவு அரிதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கை எத்தியோப்பியாவின் தன்னுரிமையை ஏற்றது. எரித்திரியா இத்தாலியின் கையிலேயே நின்றது.

மெனெலிக் கடல்வரை சென்றிருந்தால்? கற்பனைக்கு இனிய வினா இது. பழைய அக்சும் பேரரசு மலைமேல் தலைநகரும் கடலோரத்தில் அதூலிஸ் துறையும் கொண்டு விளங்கியது. முசிறியைக் குறிக்கும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் அதூலிசையும் குறிக்கிறது. இழந்த கடலை மலை மீட்டது என்று காவியம் பாட இப்பழம்பெருமை போதும்.

ஆனால் மசாவாவின் கரையில் நிற்போர்க்கு அக்காவியம் எவ்வாறு ஒலிக்கும்? அத்துறைமுகம் 1557இல் துருக்கியரையும், பின்னர் எகிப்தியரையும், 1885இல் இத்தாலியரையும் கண்டது. மலையிலிருந்து இறங்கும் படையும் அவர்களுக்கு இன்னுமொரு படையாகவே தோன்றியிருக்கக் கூடும்.

பிற்கால வரலாறு இதற்கு ஒரு விடை தந்தது. 1952இல் எரித்திரியா எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியில் இணைக்கப்பட்டது. திக்ரிஞ்ஞா, அரபு ஆகிய இரண்டும் எரித்திரியாவின் ஆட்சிமொழிகளாக இருந்தன. காலப்போக்கில் அவ்விடத்தில் அம்காரிக் அமர்த்தப்பட்டது. 1962இல் கூட்டாட்சியே கலைக்கப்பட்டது. 1961இல் தொடங்கிய ஆயுதப் போர் 1991 வரை நீண்டது. 1993இல் எரித்திரியா தனிநாடாயிற்று. எத்தியோப்பியா கடலற்ற நாடாயிற்று.

1952இன் விடையை 1896இன்மேல் அப்படியே ஏற்றுதல் தகாது என்பது உண்மையே. இடைப்பட்ட அரைநூற்றாண்டு அயலாட்சி எரித்திரியர்க்கெனத் தனியுணர்வை வளர்த்திருந்தது. மாரெப் ஆற்றின் இருகரையிலும் திக்ரிஞ்ஞா பேசுவோர் வாழ்ந்தனர். 1896இல் எல்லை அழிந்திருந்தால் அவர்கள் ஒருகுடைக்கீழ் மகிழ்ந்திருக்கவும் கூடும். அவ்வாய்ப்பையும் மறுக்காத புனைவே நேர்மையுடையது.

எனினும், மாற்று வரலாறு எழுதப் புகும் படைப்பாளி பேரரசின் வரைபடத்தை விரிப்பதோடு அமைதல் கூடாது. துறைமுகம் கைமாறிய மறுநாள் அங்காடியில் எம்மொழி ஒலித்தது, பள்ளியில் எம்மொழி நின்றது, வழக்குமன்றத்தில் எவர் சொல் எடுபட்டது என்பவற்றையும் புனைந்து காட்டுதல் வேண்டும். அரசர் கடலை அடைந்த கதையைப் பாடப் புலவர் பலர் உளர். கடற்கரையார் தம் மொழியை இழந்தனரா, காத்தனரா என்னும் கதையையும் கவிஞர்கள் எழுதுதல் வேண்டும்.