கையொப்பமிட ஒருத்தி வேண்டும்

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியராக இருப்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பேசுவது அழகல்ல. விமானத்திலிருந்து குதிக்கிற சில கிழவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். உரும்பிராய்க்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் நம் ஊர் வானம். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஜூன் 3ஆம் திகதி இந்தியாவிலிருந்து நிவாரணம் ஏற்றி வந்த படகுகள் கடலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள் ஜூன் 4 மாலை, பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்தன. சுமார் 25 தொன் நிவாரணப் பொருட்களைப் பரசூட்டில் இறக்கிவிட்டுப் போயின.

எனக்கு அப்போது எட்டு வயது. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம். அன்றும் ஓடினோம். பக்கத்து வளவிலிருந்து என் தோழியும் ஓடி வந்தாள். ஆனால் அவள் உள்ளே இறங்கவில்லை. கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, "அடியே, வந்து பார், குடை விழுகுது" என்று கத்தினாள். அம்மா கத்தக் கத்த நானும் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் சின்னச் சின்னக் குடைகள், அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. வானத்திலிருந்து வருவது குண்டாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த பிள்ளைகள் நாங்கள். "உதிலை ஒண்டு எங்கடை வளவுக்கை விழுந்தா ரெண்டு பேருக்கும் சட்டை தைக்கலாமடி" என்றாள் அவள்.

அவளுடைய பெயரை நான் இங்கே சொல்லவில்லை. எங்களோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

இருபது வருடங்களுக்குப் பிறகு நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். எழுபது வயது தாண்டிய ஒருவர் கணுக்கால் வலியென்று வந்தார். எக்ஸ்ரே படத்தில் பழைய முறிவுகள் இரண்டு மூன்று தெரிந்தன. "எங்கே விழுந்தீர்கள்?" என்று கேட்டேன். "எந்தத் தடவை?" என்று திருப்பிக் கேட்டார். இளவயதிலிருந்து வான்குதிப்பில் ஈடுபட்டவர். கதை வளர்ந்தது. ஒரு நாள் தங்கள் தேநீர்க் கூட்டத்துக்கு வரும்படி அழைத்தார். மாதம் ஒரு முறை பழைய குதிப்பாளர்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள்.

அவர்களுடைய பேச்சில் பாதி ஊர்ப்பெயர்கள். பரசூட்டில் குதித்து இறங்கும் வெளியை அவர்கள் 'ட்ரொப் சோன்' என்பார்கள். நாம் குதிதளம் என்று வைத்துக்கொள்வோம். லாங்கர், ஹிபால்ட்ஸ்ரோ என்று அவர்கள் சொன்ன இடங்கள் இரண்டாம் உலகப் போரில் விமானப்படைத் தளங்களாக இருந்தவை. நம் பலாலியும் அதே போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காக அமைந்த தளம்தான். போர் முடிந்தபின் அங்கே சில தளங்கள் குதிப்பாளர்களின் கைக்கு வந்தன. சில இன்றும் இயங்குகின்றன. சில வயலாகிவிட்டன, வீடுகளாகிவிட்டன. அந்தக் கிழவர்களுக்கு அதெல்லாம் பொருட்டல்ல. மேசையில் சீனிக்கட்டிகளை அடுக்கி, இது விமானக் கொட்டகை, இது தேநீர்க் கடை, இங்கேதான் அவன் மாட்டுச் சாணத்தில் இறங்கினான் என்று இல்லாத தளத்தைக் கட்டி எழுப்பிவிடுவார்கள்.

அக்காலத்தில் அவர்கள் குதித்தது பெரும்பாலும் இராணுவம் கழித்துவிட்ட வட்டப் பரசூட்டுகளில். அவற்றை நினைத்த பக்கம் திருப்ப முடியாது. காற்று கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் விழவேண்டும். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள்பட்டை என்று வரிசையாக நிலத்தில் பட உருண்டு விழப் பழகியிருந்தார்கள். உருளத் தவறியவர்களின் கணுக்கால்தான் பிற்காலத்தில் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இப்போது உள்ளவை நீள்சதுரமானவை; காற்றை அறை அறையாக நிரப்பிக்கொண்டு இறகு போல மிதப்பவை. அந்த அமைப்பை 1964இல் உருவாக்கிய டொமினா ஜல்பேர்ட் பட்டம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். இதைக் கேட்டதும், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். அன்று முழுவதும் அதே கதைதான்.

வயதானாலும் அவர்கள் விடுவதில்லை. நாற்பது வயது கடந்த குதிப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அறுபது கடந்தவர்களுக்கு ஒன்று, எழுபதுக்கு ஒன்று, எண்பதுக்கும் ஒன்று. நான் முதலாவதில் சேர வயதுத் தகுதி பெற்றுவிட்டேன். துணிவுதான் இன்னும் வரவில்லை.

"உங்கள் ஆட்களில் குதித்தவர்கள் இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். பதில் தெரியாமல் வெட்கப்பட்டுத் தேடிப் படித்தேன். இந்திய இராணுவத்தில் 1941இல் முதன்முதலாகப் பரசூட்டில் குதித்த இந்தியர்களில் ஒருவர் ஒரு வைத்தியர். ஆர்க்காடு என்ற ஊர்ப்பெயரைத் தன் பெயரில் தாங்கிய ஏ. ஜி. ரங்கராஜ். பரசூட் படைப்பிரிவொன்றின் மருத்துவ அதிகாரி. கொரியப் போரில் 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1951 மார்ச்சில் மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு போர்முனையில் பரசூட்டில் இறங்கினார். பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஆப்கானிஸ்தானில் வேலை செய்தார்.

பெண்களும் இருந்தார்கள். இந்திய ரயில்வேயில் பணிபுரிந்த ரேச்சல் தோமஸ், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானபின் 1979இல் ஆக்ராவில் முதற் குதிப்பைச் செய்தார். 2002இல் 7,000 அடியிலிருந்து வடதுருவத்தில் இறங்கினார். புனேயைச் சேர்ந்த ஷீதல் மகாஜன் 2018இல் தாய்லாந்தில் மராத்தியப் பெண்கள் கட்டும் நீண்ட சேலையுடன் குதித்தார். சேலை உடுத்தி சைக்கிள் ஓடுவதே பெரிய காரியம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.

இதையெல்லாம் சொன்னது வியப்பூட்டுவதற்காக அல்ல. அந்தத் தேநீர் மேசையில் நான் கண்ட இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். அது ஒரு கொப்பி.

ஒவ்வொரு குதிப்பாளரிடமும் ஒரு பதிவுக் கொப்பி இருக்கும். எத்தனையாவது குதிப்பு, திகதி, இடம், விமானம், எத்தனை அடி உயரம், என்ன நடந்தது என்று எழுதுவார்கள். கடைசியில் ஒரு கையொப்பம். அது தன்னுடையதல்ல, கூடக் குதித்தவருடையது. நான் பார்த்தேன், இது நடந்தது என்று இன்னொருவர் ஒப்பமிட வேண்டும்.

கிழவர்கள் அந்தக் கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். அன்று மழை என்பார் ஒருவர். வெயில் என்பார் மற்றவர். கொப்பி தீர்ப்புச் சொல்லும். சில பக்கங்களில் கையொப்பமிட்டவர் இறந்து பல வருடங்களாகியிருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய நண்பர்கள் ஒன்றாகக் குதித்து, வானத்தில் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விடுவார்கள். சிலருடைய சாம்பலையும் அப்படியே வானத்தில் தூவுவதுண்டு.

பழங்கதை பேசுவதை நாம் வேலையற்றவர்களின் வேலை என்போம். மருத்துவமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1963இல் ரொபேர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மூளை தளர்ந்ததன் அடையாளமல்ல. மனிதருக்கு இயல்பான, தேவையான ஒன்று என்றார். நம் ஞாபகங்களில் மிகுந்து நிற்பவை ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவை என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வருடங்களில் பெரும்பகுதியை நாம் கழித்தது வகுப்பறையில். ஆனால் ஞாபகம் ஒரு புகைப்படம் போல அப்படியே இருப்பதில்லை. எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அதைத் திருத்த, கூட இருந்த ஒருவர் வேண்டும்.

இப்போது என் தோழிக்கு வருகிறேன். 1987 ஒக்டோபர்ச் சண்டைக்கும் தப்பினோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எங்கள் இரண்டு குடும்பங்களும் நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனத்துக்குள் பிரிந்தன. பிறகு அவள் ரொறன்ரோவில் வாழ்ந்தாள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே வழக்கு. அந்தப் பரசூட்டுகள் வெள்ளை என்பேன் நான். செம்மஞ்சள் என்பாள் அவள். "சட்டை தைக்க நிறம் பார்த்தவள் நானடி, உனக்கென்ன தெரியும்?" என்பாள். ஒரு நாள் ஆறுதலாகப் பேசி, அந்த மாலையை முழுவதும் எழுதி வைப்போம் என்று சொன்னாள். எனக்கு அன்று இரவு வேலை. "அடுத்த கிழமை எடுக்கிறன்" என்றேன். அப்படிப் பல கிழமைகள் போயின. நோய் வந்ததை அவள் எனக்குச் சொல்லவில்லை. வைத்தியரிடம் சொன்னால் வைத்தியர் மாதிரிப் பேசத் தொடங்கிவிடுவேன் என்று பயந்தாளாம். இரண்டு வருடங்களுக்கு முன் போய்விட்டாள்.

அந்த மாலை நடந்தது என்று எனக்கு ஒப்பமிடக்கூடியவள் அவள் ஒருத்திதான். நிறம் எதுவென்று இனி நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அக்காமாரே, இந்தப் பாடசாலையின் எத்தனை இடாப்புகள், எத்தனை படங்கள், எத்தனை பரிசுப் புத்தகங்கள் அந்த இடப்பெயர்வுகளில் அழிந்தன என்று உங்களுக்குத் தெரியும். கட்டடங்களைத் திருப்பிக் கட்டினோம். எந்த மரத்தின் கீழ் எந்த ரீச்சர் பாடம் எடுத்தார், எந்த வருடம் யார் விளையாட்டுப் போட்டியில் வென்றார், யார் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதெல்லாம் இப்போது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மூத்த அக்காமாருக்கு எண்பது வயதாகிறது. நூறாண்டு என்று கொண்டாடுகிறோம். அதில் எத்தனை ஆண்டுகளுக்கு இன்னும் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். வாசலில் உள்ள மேசையில் வகுப்புக்கு ஒன்றாகக் கொப்பிகள் வைத்திருக்கிறோம். சாதாரண எண்பது பக்கக் கொப்பிகள்தான். உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள்: திகதி, இடம், நடந்தது. கீழே உங்கள் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகவேண்டாம். கூட இருந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்து அவளிடமும் கையொப்பம் வாங்குங்கள். அவள் வேறு மாதிரிச் சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. முப்பது வருடம் பேசாமல் இருந்ததைவிட அது நல்லது. இல்லாமற் போனவர்களின் பெயர்களை எழுத ஒவ்வொரு கொப்பியிலும் கடைசிப் பக்கத்தை விட்டிருக்கிறோம். பிற்பகலில் குழுப்படம் எடுக்கும்போது ஒவ்வொரு வகுப்பும் நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிறவர்களும் இன்றிரவே ஒருத்திக்குத் தொலைபேசி எடுங்கள். அடுத்த கிழமை என்று சொல்லவேண்டாம்.

எங்கள் வகுப்புக் கொப்பியில் முதற் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். 1987 ஜூன் 4, வியாழக்கிழமை மாலை, கிணற்றுக்கட்டு. குடைகளின் நிறம்: நான் சொன்னது வெள்ளை, அவள் சொன்னது செம்மஞ்சள். கையொப்பத்துக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. அன்று மாலை இந்த ஊரில் வானத்தைப் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், சாப்பாட்டுக்குப் போகுமுன் வந்து ஒப்பமிட்டுவிட்டுப் போங்கள். நிறத்தையும் எழுதுங்கள்.