கத்தி பிடிக்கும் கைகளை வளர்ப்போம்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஸ்ரீ கெம்பாங்கானில் இறைச்சி விநியோகத் தொழில் செய்து வருகிறோம். சுபுஹு பாங்குக்கு முன்பே எங்கள் லாரிகள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் புறப்பட்டுவிடும். ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சியும் இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சியும் உங்கள் உணவகச் சட்டிக்கு வந்து சேரும் வரை எத்தனையோ கைகள் மாறுகின்றன. அந்தக் கைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

பல ஆண்டுகள் எங்களிடம் இறைச்சி வெட்டிய பெரியவர் ஒருவர் ஊர் திரும்பினார். அதே ஆடு, அதே கத்தி; ஆனால் துண்டுகள் ஒழுங்காக இல்லை, கறியில் எலும்புச் சில்லு. இரண்டு உணவகக்காரர்கள் பக்குவமாகச் சொன்னார்கள். மூன்றாமவர் சொல்லாமலே ஆர்டரை நிறுத்திவிட்டார். அவர் இருந்தபோதே நான்கு பேருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கச் சொல்லாதது எங்கள் தவறு.

அதன்பின் மூன்று காரியங்கள் செய்தோம்.

முதலாவது, வேலைக்குச் சேரும் அன்றே படிகளைச் சொல்லிவிடுகிறோம். பெட்டி இறக்குபவர் முதலில் குளிரறையைக் கற்க வேண்டும். உறைந்த இறைச்சிக்குக் கழித்தல் 18 பாகை, குளிரூட்டிய இறைச்சிக்கு 0 முதல் 4 பாகை. முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும். பிறகு கத்தி, அதன்பின் எலும்பு அறுக்கும் இயந்திரம், கடைசியில் ஆர்டரும் கணக்கும். ஒவ்வொரு படிக்கும் சம்பளம் கூடும்.

இரண்டாவது, புதியவரை அனுபவசாலி ஒருவருடன் சேர்த்துவிடுகிறோம். கற்றுக்கொடுப்பவருக்குத் தனியாக அலவன்ஸ் உண்டு. தொழிலைச் சொல்லிக்கொடுத்தால் தன் இடம் போய்விடுமோ என்ற பயம் இதனால் குறைந்தது.

மூன்றாவது, ஹலால் பயிற்சி. 2020 டிசம்பரில் ஜொகூர் செனாய் கிடங்குச் செய்தி வந்தபோது, நம் மக்கள் எல்லாக் கடைகளையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். முத்திரை பெட்டியின் மேல் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது பெட்டியைத் தூக்குபவரின் கை. முத்திரையில் ஐயம் வந்தால் சரக்கை இறக்காமல் நிறுத்த, எங்களிடம் கடைசியாகச் சேர்ந்த பையனுக்கும் உரிமை உண்டு.

செலவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பத்து மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் எச்.ஆர்.டி. கோர்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகிறோம். ஐந்து முதல் ஒன்பது பேர் வைத்திருப்பவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். அது பயிற்சிக்கான பணம். கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கற்றுக்கொண்ட இருவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டார்கள். வருத்தம்தான்; ஆனாலும் பயிற்சியை நிறுத்தவில்லை. இன்று பெரியவரைப் போல வெட்ட மூன்று பேர் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, "கறிக்கடை வேலையா?" என்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். முதலாளிகளே, அந்தப் பிள்ளை ஐந்து வருடத்தில் எந்தப் படியில் நிற்பான் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடிந்தால் நம் பிள்ளைகளே வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.