கூடி நின்று கற்போம்



தோமையார் ஐயுற்றபோது மற்றச் சீடர்கள் அவரை விலக்கிவிடவில்லை. எட்டு நாள் கழித்து, அவர்கள் நடுவிலேதான் அவர் விசுவாசம் பெற்றார்.

புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் பழகினார்கள். தனியே ஏறியிருந்தால் ஊர்க்கேலி இறக்கியிருக்கும். பலர் சேர்ந்து ஏறவே துணிவு வந்தது.

நம் பங்கிலும் கைநாட்டு வைக்கக் கூசும் தாய்மார், கணக்கில் தோற்றுப் பள்ளியை விட்ட பிள்ளைகள் உண்டு. பூட்டுப் பட்டறையில் புதியவனுக்கு அரம் பிடிக்கக் கற்றுத்தரும் திண்டுக்கல்காரர் நாம். ஞாயிறு பூசை முடிந்து அரைமணி நேரம் இவர்களருகே உட்காரக் கூடாதா? அவர்கள் தவறினால் சிரிக்காதிருப்போம். அதுவே நம் காணிக்கை.

இயேசுவுக்கே புகழ்!