பென்சில் கரியும் ஒரு பெரிய விஞ்ஞானியும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



“தமிழ்ப் பள்ளியில படிச்சா பிள்ளைக்கு சயின்ஸ் வருமா?” இந்தக் கேள்வி நம் தோட்டங்களில் இன்றைக்கும் கேட்கிறது. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது பலமாகவே கேட்டது. வாதம் செய்ய நான் வரவில்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

சீவில்லிப்புத்தூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு என்று ஓர் ஊர். அங்கே 1898-இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். அவருடைய பள்ளி ஆசிரியர் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிய நிபுணர் அல்லர். ஆனால் கையில் கிடைத்ததை வைத்து மாதிரி செய்து, சோதனை செய்து காட்டுவாராம். பெரிய ஆளான பிறகும் கிருஷ்ணன் அந்த ஆசிரியரை மறக்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்!

பிறகு கல்கத்தாவில் சர் சி. வி. ராமனோடு சேர்ந்தார். 1928-இல் புகழ்பெற்ற ‘ராமன் விளைவு’ வெளிவந்தது. முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கிருஷ்ணனோ டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் புது வேலையில் இறங்கியிருந்தார். படிகங்களின் காந்தக் குணத்தை ஆராய்வதே அந்த வேலை.

படிகம் என்றால் என்ன? நம் செம்பனைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வரிசையோடு நடந்தால் பாதை நேராய்ப் போகிறது. குறுக்கே போனால் கால்வாய் தடுக்கிறது. உப்பு, சீனி, பென்சில் கரி இவற்றிலும் அணுக்கள் இப்படித்தான் ஒழுங்காய் நிற்கின்றன. ஆகவே பல படிகங்கள் ஒரு திசையில் ஒரு குணமும் இன்னொரு திசையில் வேறு குணமும் காட்டும்.

இதை எப்படி அளப்பது? கிருஷ்ணன் செய்தது மிக எளிது. தலைமுடியை விட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நின்றுகொள்ளும், விடாது. மேலே இழையை முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பிடிவாதத்தை விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். எவ்வளவு முறுக்கினோம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு திசைக் குணங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். ஓர் இழை, ஒரு காந்தம், நிறையப் பொறுமை, அவ்வளவுதான்!

பென்சில் கரியாகிய கிராஃபைட்டையும் அவர் விடவில்லை. அது அடுக்கு அடுக்காய் இருப்பது. அடுக்கோடு மின்சாரம் தாராளமாக ஓடுகிறது, அடுக்கைத் தாண்ட மிகவும் சிரமப்படுகிறது என்று அவரும் கங்குலியும் காட்டினார்கள். அதே கிராஃபைட்டிலிருந்து ஒட்டும் நாடாவால் ஒற்றை அடுக்கை உரித்தெடுத்ததை 2004-இல் வெளியிட்ட மான்செஸ்டர் விஞ்ஞானிகள் இருவருக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருஷ்ணனை 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. 1947-இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் காலமானார். இத்தனைக்கும் நடுவில் தமிழிலும் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். தமிழில் சொன்னால் விஞ்ஞானம் குறைந்துபோகும் என்று அவர் நினைக்கவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

பிள்ளைகளே, இன்று பரிசாகப் பென்சில் வாங்கியவர்கள் கை தூக்குங்கள்! ஒன்றை எடுத்து இரண்டு முனையும் சீவுங்கள். டார்ச் லைட் பேட்டரி, சின்ன பல்பு, இரண்டு துண்டுக் கம்பி, நடுவில் பென்சில் என்று இணைத்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரத்தைத் தொடவே கூடாது! பல்பு மங்கலாய் எரியலாம். எரியாவிட்டால் திங்கட்கிழமை காலையில் ஆசிரியரிடம் போய் ஏன் என்று கேளுங்கள்.