கன்னெலோனி என்னும் சிக்கன விருந்து

ஹேடோத் துறையை அடுத்து வாழும் எங்களுக்கு, காலையில் அடுப்பு மூட்டும் முன்பே எழும் கேள்வி ஒன்றுண்டு. "கப்பல் வந்துவிட்டதா?" என்பதே அது. சென்னைத் துறைமுகம் இங்கிருந்து ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மாவும் பருப்பும் வெங்காயமும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்து சேர வேண்டும். வங்கக் கடலில் புயல் உருவாகிக் கப்பல் இரண்டு நாள் பிந்தினால், கடைவீதியில் கூடைகள் ஒழிந்துவிடும், விலையும் ஏறிவிடும். ஆகவே இத்தீவில் இல்லம் நடத்துவோர் சிக்கனத்தை நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. கடலே அதைக் கற்பித்துவிடுகிறது.

அத்தகைய இடத்திலிருந்து இத்தாலிய உணவாகிய கன்னெலோனியைப் பற்றிப் பேசுவதா என்று தாய்மார்கள் சிலர் வியக்கக்கூடும். மெல்லிய மைதா தோசைகளில் கொத்துக்கறியை வைத்துச் சுருட்டி, தட்டில் வரிசையாக அடுக்கி, பாலும் பாலாடைக்கட்டியும் கலந்த கெட்டியான குழம்பை மேலே ஊற்றி, அனலில் வாட்டி எடுப்பது அது. கேட்ட மாத்திரத்தில் செல்வர் வீட்டு விருந்து என்றே தோன்றும். ஆனால் சற்று ஆராய்ந்தால், உள்ளதைக் கொண்டு ஊரை உபசரிக்கும் கைத்திறனே அதில் அடங்கியிருப்பது விளங்கும்.

இத்தாலிய மொழியில் 'கன்னா' என்றால் நாணல். பெருநாணற் குழல் போன்றது என்பதால் இவ்வுணவு கன்னெலோனி எனப் பெயர் பெற்றது. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதாவது டிசம்பர் 26ஆம் நாள், வீடுதோறும் இதைச் செய்வார்கள். முதல் நாள் விருந்தில் மிஞ்சிய இறைச்சியைக் கொத்தி, உள்ளீடாக வைத்து, மறுநாளும் ஒரு விருந்தாக்கிவிடுவது அவர்கள் வழக்கம். மிச்சம் என்ற எண்ணமே உண்பவர்க்குத் தோன்றாது.

இம்முறை நமக்கு அயலானதும் அன்று. 1921ஆம் ஆண்டு மலபாரில் கிளர்ச்சி மூண்டது. தண்டனை பெற்ற மாப்பிள்ளைமார் பலர் இத்தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. தெற்கு அந்தமானில் காலிகட், மன்னார்காடு, திரூர் என வழங்கும் ஊர்ப்பெயர்கள், அவர்கள் விட்டுவந்த மண்ணை இன்றும் நினைவூட்டுகின்றன. அந்த மலபார் மண்ணின் சிறப்புணவுகளில் ஒன்று சட்டிப்பத்திரி. மைதாவும் முட்டையும் கலந்த மெல்லிய தோசைகளை, அடித்த முட்டையிலும் பாலிலும் தோய்த்து, இடையிடையே இறைச்சி மசாலா பரப்பிச் சட்டியில் அடுக்கி, கீழும் மேலும் தணலிட்டு வேகவைப்பார்கள். இலங்கைத் தமிழர் விரும்பி உண்ணும் 'மட்டன் ரோல்' அதே போன்ற தோசையில் இறைச்சியைச் சுருட்டிப் பொரிப்பது. அடுக்குவது ஓரிடம், பொரிப்பது ஓரிடம், குழம்பூற்றி வாட்டுவது ஓரிடம். கருத்து ஒன்றே.

இனிச் செய்முறையைக் காண்போம். பன்னிரண்டு சுருள்களுக்கு 125 கிராம் மைதா, இரண்டு முட்டை, 300 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், சிறிது உப்பு ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைத்து அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். மாவு நன்கு ஊறினால்தான் தோசை கிழியாது. கல்லில் சிறிது ஊற்றி உடனே சுழற்றிப் பரப்ப வேண்டும். முறுக விடலாகாது, முறுகினால் சுருட்டும்போது ஒடியும்.

உள்ளீட்டுக்கு 400 கிராம் கொத்துக்கறியை வெங்காயம், பூண்டு, மிளகு, உப்புச் சேர்த்து நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். முதல் நாள் கறியையும் பயன்படுத்தலாம். எலும்பு நீக்கி, பொடியாகக் கொத்தி, மீண்டும் நன்றாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நமது புழுக்கமான காலநிலையில் சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தல் ஆகாது. மின்சாரம் நெடுநேரம் நின்றுபோயிருந்தால், குளிர்ப்பெட்டியில் இருந்த கறியையும் நம்பலாகாது. நஞ்சை உண்பது சிக்கனமாகாது.

குழம்பில்தான் பலரும் தவறுகிறார்கள். 50 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே எடை மைதாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் சிறுதீயில் கிளற வேண்டும். ஒவ்வொரு மாவுத் துகளையும் வெண்ணெய் பூசிப் பிரித்து வைப்பதால், பிறகு பால் சேரும்போது கட்டி விழுவதில்லை. 600 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கைவிடாமல் கிளறினால், கொதி வரும்போது குழம்பு கெட்டிப்படும். புதுப்பால் கிடைக்காத நாளில் 75 கிராம் பால்பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து 600 மில்லியாக்கிக் கொள்ளலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே, கடைகளில் சீஸ் எனக் கேட்டு வாங்கும் பாலாடைக்கட்டி 100 கிராமைத் துருவிச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் அது திரிந்து நெய் பிரிந்துவிடும். உப்பும் சாதிக்காய்ப் பொடியும் சிறிது போதும்.

இரண்டு கரண்டிக் குழம்பை உள்ளீட்டோடு பிசைந்து, தோசைகளில் வைத்துச் சுருட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் மடிப்புப் பகுதி கீழே இருக்குமாறு அடுக்கி, மிகுந்த குழம்பை மேலே ஊற்ற வேண்டும். மின்சார அடுப்பு உள்ளவர்கள் 180 பாகை வெப்பத்தில் இருபத்தைந்து நிமிடம் வைக்கலாம். அது இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, உள்ளே ஒரு வளையத்தின்மேல் தட்டை வைத்து, இரும்பு மூடியால் மூடி, மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்பலாம். தென்னை மலிந்த இத்தீவில் கொட்டாங்கச்சிக்கு என்ன பஞ்சம்? காற்றோட்டமான திறந்த வெளியில் மட்டுமே இதைச் செய்தல் வேண்டும்.

கப்பல் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இல்லத்துக்கு எதிர்பாராமல் உறவினர் நால்வர் வந்தனர். குளிர்ப்பெட்டியில் இருந்தது முந்தைய நாள் கறி ஒரு கிண்ணம். குழம்பாகப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு துண்டுகூட வராது. பன்னிரண்டு சுருள்கள் செய்தோம். அறுவருக்கு ஆளுக்கு இரண்டு வந்தது. "பாலும் கறியும் ஒன்றாய்ச் சேருமா?" என்று ஐயுற்றிருந்த எங்கள் அத்தை மௌனமாக உண்டார். தட்டை வழித்த பிறகு, "அடுத்த முறை மிளகை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடம்மா" என்றார். அடுத்த முறை என்று அவர் சொன்னதே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.

போர்ட் பிளேயர் என்றிருந்த நம் நகரம் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. வங்காளியும் இந்தியும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இதன் வீதிகளில் எந்த வீட்டு அடுப்பும் தனித்து எரிவதில்லை. ஒருவர் கைமுறையை மற்றவர் பார்த்துப் பழகுவதாலேயே, துறையில் கப்பல் காணாத நாளிலும் இலையில் சோறு குறையாதிருக்கிறது. அயலார் சமையலைக் கற்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அதில் நம் வீட்டுக்குப் பொருந்துவது எது என்று பார்க்கும் கண் இருந்தால் போதும். தாய்மார்கள் ஒருமுறை செய்து பாருங்கள். மிளகு மட்டும் உங்கள் வீட்டு அத்தைமாரின் விருப்பப்படி இருக்கட்டும்.